கணக்கில் வராத புளியோதரை

அழகியமணவாளன் கனைத்தால் நாலு வீடு தாண்டிக் கேட்கும். எழுந்ததும் ஒரு கனைப்பு, பல் தேய்த்ததும் ஒன்று, பேச வாயெடுக்குமுன் இரண்டு. சின்ன காஞ்சிபுரத்தில் அவர் தெருவுக்குப் பால் ஊற்றும் யேசுதாஸ் மணி அடிப்பதையே விட்டுவிட்டார். வாத்தியார் கனைத்தால் ஜனங்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள், பிறகு மணி எதற்கு?

பகலில் அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் ஆனால் திருமண்ணைத் திருத்தமாக இட்டுக்கொண்டு பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே பாசுரம் சொல்லும் கோஷ்டியில் முதல் வரிசை, வலது ஓரம் அவருடைய இடம். வைகாசி கருடசேவையன்று முதல் அடியை எடுத்துக் கொடுப்பது இருபது வருஷமாக அவர்தான். அந்தக் குரலில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது மரியாதைக்காக.

போன வருஷக் கருடசேவையில் வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. பக்கத்தில் நின்றவர் சட்டென்று அடியை எடுத்துச் சமாளித்தார். அன்றிலிருந்து மனிதர் கோஷ்டியில் நிற்பார், உதட்டை அழகாக அசைப்பார், சத்தம் மட்டும் வராது. இது ஒருவருக்கும் தெரியாது என்று திடமாக நம்பினார். அடுத்த வைகாசிக்கும் குரல் வராவிட்டால் இடத்தை விட்டுக்கொடுத்துப் பின்வரிசைக்குப் போய்விடுவது என்று முடிவுகட்டி, அதை வீட்டில்கூடச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருந்தார்.

வைத்தியம் செய்யவில்லையா என்றால், ஐயோ, செய்துகொண்டதுதான் வினையே. தொண்டைக் கட்டு என்று தாமே தீர்மானித்து, காலையில் சுக்குக் காப்பி, மத்தியானம் கண்டந்திப்பிலி ரசம், ராத்திரி மிளகுப் பால் என்று உள்ளே தள்ளினார். தொண்டை இன்னும் எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டு அளவைக் கூட்டினார்.

அவர் மனைவி வைதேஹி ஆறு மாசம் பொறுத்துப் பார்த்தாள். "ஏன்னா, படுத்தா புளிச்ச ஜலம் தொண்டை வரைக்கும் எதுக்களிக்கறதுன்னு பொலம்பறேள். நெஞ்சு எரியறதுங்கறேள். இதுக்கும் தொண்டைக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஒரு டாக்டரைத்தான் கேப்போமே."

"தொண்டை வேற, வயிறு வேற. நடுவுல ஒரு சாண் இருக்கு" என்றார் கணக்கு வாத்தியார்.

கார்த்திகையில் அவரை இழுத்துக்கொண்டு போனாள். தொண்டை டாக்டர் ஏஞ்சலுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும், சிரித்த முகம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினாள். "இதோ பாருங்க சார், குரல் வர்ற இடம் சிவந்துபோய் இருக்குது. சளியெல்லாம் இல்ல. வயித்துல இருக்கற அமிலம் ராத்திரியில மேல ஏறி வந்து இதப் புண்ணாக்குது."

வயிற்றுக்குள்ளும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கெட்டது எதுவும் இல்லை. இரைப்பையின் வாயில் இருக்கிற மூடி மட்டும் தளர்ந்திருந்தது. காலை ஆகாரத்துக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை. சுக்கு, மிளகு, காப்பிக்கு முழுக்கு. கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். "சாப்பிடறதையெல்லாம் நேரம் போட்டு எழுதிக்கினு வாங்க சார்" என்றாள் ஏஞ்சல்.

கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொல்லலாமா? நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். கட்டில் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, சரிவு எத்தனை டிகிரி என்று அளந்தும் பார்த்தார். விடிவதற்குள் சறுக்கிச் சறுக்கி இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே தொங்கும். வைதேஹி தலையணையை எடுத்துக்கொண்டு தரைக்கு இறங்கிவிட்டாள். ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கே முடிந்தது. ஒன்பதே காலுக்குப் படுக்கை. மூன்று மணி நேரத்துக்கு மேலேயே இடைவெளி, ஒரு நாள் தவறவில்லை.

தை பிறந்தது. குரல் பிறக்கவில்லை. புளித்த ஜலமும் நின்றபாடில்லை.

ஏஞ்சல் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "என்னோட பேஷண்ட்ல யாருமே இவ்ளோ ஒழுங்கா எழுதினதில்ல சார். ஏன் கேக்க மாட்டேங்குதுன்னுதான் புரியல."

பாராட்டில் குளிர்ந்துபோன மணவாளன், அவளுக்கென்று முந்தின நாள் கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். "பெருமாள் பிரசாதம், டாக்டர். புளியோதரை."

"வாசனை தூக்குதே! எப்ப குடுப்பாங்க சார்?"

"எட்டரைக்கு. பாசுரமெல்லாம் முடிஞ்சு சாத்துமுறை ஆனதும் கோஷ்டிக்குத்தான் முதல்ல."

ஏஞ்சலின் கை பொட்டலத்தின் மேலேயே நின்றது. "தினமுமா? எவ்ளோ?"

மணவாளன் கூரையைப் பார்த்தார். வைதேஹி இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள்.

"நோட்டுல இல்லையே சார்?"

"அது பிரசாதம்மா!" மணவாளனுக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "அதைப் போய் சாப்பாட்டோட சேர்த்து எழுதுவாளா யாராவது?"

ஏஞ்சல் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "உங்க வயித்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார். எட்டரைக்குப் புளியும் எண்ணெயும் போவுது, ஒன்பதே காலுக்கு நீங்க படுத்துடறீங்க."

 வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணவாளன் கொட்டினார். "கையில விழற பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லச் சொல்றாளா? குரல் போனாப் போகட்டும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்." சொல்லும்போதே குரல் கரகரத்து உடைந்தது. அது போனால் போகட்டும் என்று நினைக்கிற குரலாக இல்லை.

"வேண்டாம்னு யார் சொல்லச் சொன்னா?" என்றாள் வைதேஹி. "ஒரு பருக்கையைக் கண்ணுல ஒத்திண்டு வாயில போட்டுக்கோங்கோ. மிச்சத்தை என்கிட்ட குடுங்கோ, நான் சாப்பிடறேன். எட்டரைக்கே முழுங்கியாகணும்னு பெருமாள் உங்ககிட்ட சொன்னாரா?"

 மறுநாளிலிருந்து நோட்டில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது: 'இரவு 8.30, புளியோதரை, பருக்கை ஒன்று.' மாசியில் எதுக்களிப்பு நின்றது. பங்குனியில் கனைப்பு குறைந்தது, யேசுதாஸ் மறுபடி மணி அடிக்கத் தொடங்கினார். ஆனால் கோஷ்டியில் மணவாளன் உதட்டை மட்டுமே அசைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து பார்க்கப் பயம்.

வைகாசி கருடசேவை. இருட்டுப் பிரியாத நேரத்தில் கோபுர வாசலில் கூட்டம் நெரிந்தது. கருடன்மேல் பெருமாள் வெளியே வந்ததும் எல்லோரும் கை கூப்ப, கோஷ்டி முதல் அடிக்காகக் காத்திருந்தது. பக்கத்தில் நின்றவர் மணவாளனைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்தத் தடவை அடியைத் தாம் எடுக்காமல் நின்றார்.

மணவாளன் வாயைத் திறந்தார்.

வந்தது. பழைய கணீர் இல்லை, ஓரத்தில் லேசான பிசிறு. ஆனாலும் குரல்தான், அவருடைய குரல். முதல் அடி முடிந்ததும் கோஷ்டி மொத்தமும் அதன்மேல் ஏறிக்கொண்டது.

வெயில் ஏறியபின் கூட்டம் கலைந்தபோது, தொன்னையில் பிரசாதத்தோடு பெண்கள் நிற்கும் பக்கம் வந்தார். ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை வைதேஹியிடம் நீட்டினார்.

"கேட்டுதா?" என்றார், அலட்சியம் போல.

"கேட்டுது." தொன்னையை வாங்கிக்கொண்டாள். "போன வருஷத்துலேர்ந்து கேக்கலைங்கறதும் எனக்குத் தெரியும். தினமும் கோயிலுக்கு வந்து இந்தப் பக்கம்தானே நின்னேன்."

மணவாளன் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "புளியோதரையில காரம் ஜாஸ்தி. கண்ணுல தண்ணி வந்துடுத்து."

வைதேஹி தொன்னையைப் பார்த்தாள். சர்க்கரைப் பொங்கல். "ஆமான்னா, கொஞ்சம் காரம்தான்" என்று சொல்லி, அதைச் சாப்பிட்டாள்.