மூன்று பொய்க்கு உடையும் கிண்ணம்

மாமி எங்கள் எட்மண்டன் வீட்டுக்கு வந்தது ஒரு நவம்பர் ஞாயிறு. அம்மா மட்டன் ரோல்ஸ் பொரித்திருந்தார். ஆகவே கந்தசஷ்டி விரதம் முடிந்திருக்க வேண்டும். எனக்கு எட்டு வயதும் நான்கு மாதமும்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் எங்கள் ஐரிஷ் ஆசிரியை அந்தக் கிண்ணத்தின் கதையைச் சொன்னார். அயர்லாந்தின் பழங்கால அரசன் ஒருவனுக்குக் கடல்தெய்வம் கொடுத்தது. அதன் முன் மூன்று பொய் சொன்னால் மூன்றாக உடையும். மூன்று உண்மை சொன்னால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அது பொன்னால் ஆனது என்பதைப் பல வருடங்களுக்குப் பின் வாசித்துச் சரிபார்த்தேன். அன்றைக்கு, எல்லாக் கிண்ணங்களுக்கும் அதுவே சட்டம் என்று நம்பியிருந்தேன்.

மாமி அப்பாவின் ஒரே அக்கா. தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்குக்கு எங்களை அழைக்காததால் ஒன்றரை வருடமாக இரண்டு வீடுகளுக்கும் பேச்சில்லை. இப்போது அவராகவே வருகிறார். இந்த முறையும் பிசகினால் இனி அக்காவும் இல்லை தம்பியும் இல்லை என்று அம்மா காலையிலேயே அப்பாவை எச்சரித்திருந்தார். கண்ணாடி அலுமாரியில் இருந்த நல்ல பீங்கான் கோப்பைகள் வெளியே வந்தன.

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை, இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு வாறன்," என்றார் மாமி. பக்கத்தில் இருந்த எனக்கு அவருடைய வயிறு இரைவது கேட்டது. ஒன்று.

"சும்மா இருங்கோ மச்சாள், எனக்கென்ன கரைச்சல்? கிடந்ததைத்தான் பொரிச்சனான்," என்றார், விடிய ஐந்து மணிக்கு எழும்பி மாக் குழைத்த அம்மா. இரண்டு.

அப்பா தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போடப்பட்டிருக்கவில்லை. மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"தம்பி, அந்தக் கார்ட் நான் அனுப்பினனான். போஸ்டில துலைஞ்சு போச்சுப் போல."

அழைப்புப் பட்டியலில் எங்கள் பெயரை மாமியே வெட்டினார் என்று அவருடைய மகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் பாய்ந்து கோப்பையைப் பறித்தேன். பாதித் தேத்தண்ணி மாமியின் சேலையில் கொட்டியது.

"மூண்டாச்சு! உடையப்போகுது!"

அழுதுகொண்டே கதையைச் சொன்னேன். பொய்களையும் காரணத்தோடு எண்ணிக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா என்னை அறைக்குள் போகச் சொன்னார்.

"நில்லு தம்பி," என்று அப்பாவைத் தடுத்தார் மாமி. என்னிடம் திரும்பி, "அப்ப இனி மூண்டு உண்மை வேணும், என்ன?" என்று கேட்டார்.

"ஓம் மாமி."

"எனக்கு நல்ல பசி. இஞ்ச வாற பயத்தில காலமையில இருந்து பச்சைத் தண்ணியும் இறங்கேல்லை." ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். "ரெண்டாவது, கார்ட் நான் அனுப்பேல்லை. கோவத்தில."

இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"நாங்கள் வந்தனாங்கள் அக்கா," என்றார் அப்பா. "சடங்கு நடந்த ஹோலுக்கு வெளியில, காருக்குள்ள இருந்தனாங்கள். உங்கட பிள்ளை சேலையோட இறங்கி உள்ள போறதைப் பாத்திட்டுத்தான் திரும்பினனாங்கள்."

"போடா விசரா!" என்ற மாமி விம்மத் தொடங்கினார். அப்பா எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று பட்டுப்பாவாடை கட்டி நானும் அந்தக் காரின் பின்சீட்டில்தான் இருந்தேன். காரை நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று அப்பாவே சொன்னார், அவ்வளவுதானே.