செத்த ராஜாவின் வெங்காயம்

ஜெர்மன் மேடைகளில் நான் அழுத அழுகையில் கால்வாசிகூட என் சொந்த வாழ்க்கையில் அழுததில்லை. எங்கள் நாடக நிறுவனம் பீலெஃபெல்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறு நகரத்தில் இருக்கிறது. அங்கே ஒத்திகை பார்ப்போம். பிறகு பேருந்தில் ஏறி, சொந்த நாடகக் குழு இல்லாத ஊர்களுக்கெல்லாம் போய் நடிப்போம். பாடசாலை மண்டபம், நகரசபை மண்டபம், ஒரு முறை நீச்சல் தடாகத்தை மூடி அதன்மேல் போட்ட மேடை. எங்கே போனாலும் எனக்கு ஒரே வேலைதான். கடலில் மகனைப் பறிகொடுத்த தாய், போரில் கணவனைப் பறிகொடுத்த மனைவி, எல்லையில் நிற்கும் பெயரில்லாத பெண். என் முகத்தைக் கண்டதும் நெறியாளர்களுக்கு என்னை அழவைத்துப் பார்க்கத் தோன்றிவிடும்.

நான் நடிக்க வந்த கதையும் பெருமைப்படும்படியானது இல்லை. தையலில் ஆவ்ஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, அந்த நிறுவனத்தின் உடுப்பு அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள், பிணமாகக் கிடக்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். அவளுடைய உடுப்பு எனக்கு அளவாக இருந்தது. என்னைப் பிடித்துக் கிடத்திவிட்டார்கள். அசையாமல், மூச்சே தெரியாமல் வடிவாகக் கிடந்தேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். உண்மையில் நான் நித்திரையாகிப் போயிருந்தேன். அடுத்த பருவத்தில் நிற்கிற வேடம் தந்தார்கள். அதற்கடுத்து வசனம் தந்தார்கள், பிறகு நிரந்தர ஒப்பந்தமும் வந்தது. என் கணவரிடம் யாராவது கேட்டால், மனைவி தையல் வேலை செய்கிறாள் என்றுதான் இன்றைக்கும் சொல்வார்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்களிடம் ஒரு புதிய நெறியாளர் வந்தார். இளம் ஆள், எப்போதும் கறுப்பு உடுப்பு, தொப்பியைக் கழற்ற மாட்டார். அவர் எடுத்துக்கொண்ட நாடகத்தில் ஒரு ராஜா செத்துப் போவார். அவரைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த தாதி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுவாள். அந்தத் தாதி நான் என்று சொல்லத் தேவையில்லை. அழுகையை என் தாய்மொழியில் அழச் சொன்னார். யாருக்கும் விளங்கக் கூடாதாம். விளங்கிவிட்டால் வலி குறைந்துவிடுமாம்.

எனக்கு ஒப்பாரி தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் செத்தவீடுகளில் பாடகர் குழு வந்து ஞானப்பாட்டுப் பாடிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும். அவர் அதைக் கேட்கவில்லை. உன் உடம்புக்குத் தெரியும் என்றார். சரி, உடம்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராஜாவாக நடித்தவர் எங்கள் குழுவில் மூத்தவர். எங்கள் நிறுவனம் இருக்கிற வெஸ்ட்பாலியாப் பக்கத்துக்காரர், பெரிய உடம்பு, பெரிய குரல், எல்லோருக்கும் உதவுகிற மனிதர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் இருந்தது. மேடை ஏறுவதற்கு முன் பச்சைப் பன்றியிறைச்சியை அரைத்து வட்டப் பணிஸ் ரொட்டியில் பூசி, மேலே பச்சை வெங்காயத்தை அள்ளிப்போட்டுச் சாப்பிடுவார். இந்த நாட்டில் அது பலருக்குப் பிடித்த காலைச் சாப்பாடு. அவருக்கு அது எல்லா நேரத்துச் சாப்பாடும். சாப்பிட்ட கையோடு வந்து என் மடியில் தலையை வைத்து, செத்தவர்களுக்கு வாய் திறந்திருக்கும் என்று எங்கோ படித்ததனால் வாயையும் திறந்து வைத்துக்கொள்வார். நான் குனிந்து அவருடைய நெற்றியில் நெற்றியை வைக்க வேண்டும். இரண்டு கையும் அவருடைய தலையைத் தாங்கிக்கொண்டிருக்கும். மூக்கைப் பொத்த வழியில்லை.

முதல் ஒத்திகையிலே குனிந்தேன். உடம்பு பேசிவிட்டது.

"என்ர ராசா, இண்டைக்கும் பச்சை வெங்காயமோ... மூக்கைப் பொத்த எனக்கொரு கையில்லையோ... பல்லைத் தீட்டிப்போட்டு வந்து சாகக்கூடாதோ... ஐயோ, வெங்காயம்..."

இழுத்து இழுத்துச் சொன்னேன். கண்ணில் தண்ணீரும் வந்தது, அது வெங்காயத்தினால் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் நெறியாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேடையின் ஓரத்தில் செல்லோ வாசிக்கும் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று நெறியாளர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். செல்லோக்காரி என்னை நாலைந்து தரம் திருப்பிச் சொல்லவைத்து, அந்த ஓசைக்கு இசை அமைத்தாள். நான் "வெங்காயம்" என்று இழுத்து முடிக்கிற இடத்தில் அவளுடைய வில் நரம்பில் இறங்கும். வில் இறங்கினால் வெளிச்சம் நீலமாக மாறும். எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நெறியாளர் கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்லவும் விருப்பமில்லை. சொல்லின் பின்பாதிக்குப் புண் என்று அர்த்தம், முன்பாதிக்குச் சூடு என்று சொல்லலாம் என்றேன். இலக்கணப்படி அதில் பிழையில்லை. அவர் கண்ணை மூடி, "எரியும் காயம்" என்று டொச்சில், அதாவது ஜெர்மனில், இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். நாடகக் கையேட்டின் முதல் பக்கத்தில் அதையே பெரிய எழுத்தில் போட்டார்கள்.

நாடகம் நன்றாக ஓடியது. ஊர் ஊராகச் சனம் அழுதது. பேருந்தில் ராஜா என் பக்கத்தில் வந்திருந்து, நீ அழும்போது செத்துக் கிடக்கிற எனக்கே தொண்டை அடைக்கிறது என்பார். எனக்கும் அப்படித்தான் என்று சொல்லுவேன்.

பிறகு ஒரு நாள் டோர்ட்மண்டிலிருந்து தெரிந்த ஓர் அக்கா தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். பேப்பரில் என் படத்தைப் பார்த்திருக்கிறார். எங்கள் பெண் ஒருத்தி டொச் மேடையில் தமிழில் அழுகிறாளாம், பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பேருந்து பிடித்து வரப்போகிறார்கள் என்றார். நாடகம் சரியான நீளம், இடைவேளை இல்லை, கதிரை வசதியில்லை, சாப்பிட ஒன்றும் கிடைக்காது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

"அதுக்கென்ன பிள்ளை, நாங்கள் ரோல்ஸ் பொரிச்சுக் கொண்டு வாறம்," என்றார் அக்கா.

அவர்கள் வரப்போகிற நாள்வரை நான் உண்மையான ஒப்பாரிக்கு அலைந்தேன். தெரிந்த ஒரு சைவ வீட்டு அம்மாவிடம் போய் நாலு வரி கேட்டுப் பாடமாக்கினேன். ஓசை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் செல்லோக்காரிக்கு வித்தியாசம் தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

அன்றைக்குத் திரை திறந்தபோது முதல் மூன்று வரிசையும் எங்கள் பெண்கள். பட்டுச் சேலை, அதன்மேல் குளிருக்கு ஜக்கெட். மடியில் ரோல்ஸ் பெட்டி. மணம் மேடைவரை வந்தது. ராஜா செத்தார். தலையை மடியில் தூக்கி வைத்தேன். வழக்கமான வெங்காயம், வழக்கம்போல் கண்ணில் தண்ணீர். பாடமாக்கிய வரிகளை எடுத்துவிட்டேன். என்னைத் தவிக்க விட்டுப் போனாயோ, வாசல் வெறிச்சோடிப் போச்சே என்று பாடினேன். முன்வரிசையில் அக்கா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. பின்னாலிருந்தவர்கள் விம்மினார்கள். என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பாடி முடித்தேன். செல்லோ வரவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தேன். செல்லோக்காரி வில்லைத் தூக்கிப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டிய சொல் வரவில்லை. வெளிச்சமும் மாறவில்லை. இன்னொரு தரம் வாசல் வெறிச்சோடியதைச் சொன்னேன். அதற்கும் வில் இறங்கவில்லை. என் மடியில் கிடந்த ராஜா ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து என்னைப் பார்த்தார். நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். உதவுகிற மனிதர் என்று முன்பே சொன்னேன். ஒவ்வொரு நாளும் காதோடு கேட்ட சொல் அவருக்கும் பாடமாகியிருந்தது. செத்துக் கிடந்தபடியே எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

"வெங்காயம்."

இரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் கடைசி வரிசைவரை கேட்கும்படி இரகசியம் பேசப் பழகிய நடிகர் அவர். செல்லோக்காரிக்கு அது போதும். வில் இறங்கியது, மேடை நீலமானது. அதே நேரத்தில் முதல் மூன்று வரிசையும் வெடித்தது. அக்கா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினார். யாருடைய மடியிலிருந்தோ ரோல்ஸ் பெட்டி விழுந்து உருண்டது. அவர்களுக்குப் பின்னாலிருந்த ஜெர்மன்காரர்கள் உஸ் உஸ் என்று அதட்டினார்கள். ஒரு மனிதர் எழுந்து நின்று, மரணத்துக்கு மரியாதை கொடுக்கும்படி கேட்டார்.

எங்கள் நாடகங்கள் முடிந்ததும் பார்வையாளர்களோடு ஒரு கலந்துரையாடல் வைப்பது வழக்கம். அன்றைக்கு முதல் கேள்வியே அதுதான். சாம்பல் முடியுள்ள ஒரு பெண், ராஜா இறந்த காட்சியில் தமிழ்ப் பெண்கள் ஏன் சிரித்தார்கள் என்று மிகவும் பணிவாகக் கேட்டார். நெறியாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா எழுந்தார். டோர்ட்மண்ட் ஊரவர் பேசுகிற ரூர் பக்கத்து டொச்சில், ஒரு பேராசிரியை மாதிரி, எங்கள் ஊரில் செத்தவர் நல்ல மனிதராக இருந்தால் அவர் சாப்பிட்டதையும் குடித்ததையும் நினைத்துச் சிரித்து வழியனுப்புவதும் உண்டு என்றார். மண்டபம் முழுவதும் தலையாட்டியது. நெறியாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

வாசல் மண்டபத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

"என்னைக் காப்பாத்திப்போட்டியள் அக்கா."

"ஓம் பிள்ளை. ஆனா செத்துக் கிடந்த அந்த மனுசனுக்கு என்னால பொய் சொல்ல ஏலாது. அந்தச் சொல்லுக்கு என்ன கருத்தெண்டு அவர் வந்து கேட்டவர், நான் சொல்லிப்போட்டன்," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ராஜா தூரத்தில் சுவரோடு சாய்ந்து, கையில் ஒரு ரோல்ஸை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மென்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பேருந்தில் அவர் என் பக்கத்தில் வந்திருக்கவில்லை. கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால் வானிலையைப் பற்றிக் கதைத்தார். எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருடம் என் பெட்டியைத் தூக்கித் தந்த மனிதர். என் மகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவரும் அவர்தான்.

அடுத்த ஆட்டம் ஒரு சிறு ஊரின் பாடசாலை மண்டபத்தில். ராஜா செத்தார். தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். நெற்றியில் நெற்றி வைக்கக் குனிந்தேன். மூச்சை அடக்கிக்கொள்ள நேரம் இருக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிணம் உதட்டை அசைக்காமல் பேசியது. இந்த முறை எனக்கு மட்டும் கேட்கும்படி, எழுத்தெழுத்தாக, அக்காவிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழில்.

"தங்கச்சி, இண்டைக்கு உள்ளிப்பூண்டும் சாப்பிட்டனான்."

எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. அடக்க முடியவில்லை. அவருடைய மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தோள் குலுங்கியது, உள்ளே என்ன சத்தம் வந்தது என்றே தெரியாது. என் நெற்றிக்குக் கீழே செத்தவரின் வயிறும் துள்ளியது. அதை மறைக்க நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வெங்காயம் என்ற சொல்லை எப்படியோ கத்தி முடித்தேன், செல்லோ வந்தது. திரை மூடியபோது சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவு உண்மையான அழுகையை அந்த மண்டபம் கண்டதில்லை என்று அந்தப் பாடசாலை அதிபர் வந்து சொன்னார். நானும் ராஜாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நன்றி சொன்னோம். வீடு திரும்பும்போது அவர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். யன்னலைத் திறந்து வைத்தேன்.

அவர் அதோடு விடவில்லை. எனக்குச் சொல்லாமல் நிறுவனத்தின் தலைவரிடம் போயிருக்கிறார். இவளை இத்தனை வருடம் பிழையான பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம், இவள் சிரிப்புக்காரி என்று சொல்லியிருக்கிறார். தலைவர் நம்பவில்லை. எனக்குச் சோகமான கண்கள் என்றாராம். கண்ணை விடுங்கள், வாயைக் கேளுங்கள் என்றாராம் ராஜா.

அடுத்த பருவத்துக்கு வேடங்கள் அறிவித்தபோது என்னை ஒரு நகைச்சுவை நாடகத்தில் போட்டிருந்தார்கள். எல்லையில் நிற்கும் பெண் இல்லை, யாரையும் பறிகொடுத்தவளும் இல்லை. வெஸ்ட்பாலியா ஊர் ஒன்றின் வீட்டுக்காரி. வாடகைக்கு இருப்பவர்களைக் குப்பைத் தொட்டிக்காகவும் சப்பாத்துச் சேற்றுக்காகவும், முறைவைத்து மாடிப்படி கூட்டாததற்காகவும் பிடித்து உலுப்புகிறவள். முழுக்க டொச். ஒத்திகையில் நான் திணறினேன். அழுகைக் காட்சியில் சனம் அழுதாலும் நாம் நம் பாட்டுக்குத் தொடரலாம். சிரிப்பில் அப்படி ஏலாது. அது ஏறி இறங்கும்வரை நிற்க வேண்டும், சத்தம் பாதி இறங்கும்போது அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். ராஜா எனக்கு எதிரே நின்று, தானே சனமாகச் சிரித்துச் சிரித்துப் பழக்கினார்.

முதல் ஆட்டத்தில் கூட்டுகிற தும்புத்தடியோடு மேடைக்கு வந்தேன். சுற்றிப் பார்த்தேன். மாடிப்படியைக் கூட்டுவது இந்தக் கிழமை யாருடைய முறை என்று கேட்டேன். அரை நிமிடத்துக்கு ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை போல இருந்தது. பிறகு இடது பக்கத்தில் ஒருவர் தொடங்கினார், மண்டபம் முழுக்கப் பரவியது. நான் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன். சத்தம் பாதி இறங்கியது. அடுத்த வசனத்தை எடுத்தேன்.