ரேஸ் மாப்பிள்ளையும் பூண்டு மூட்டையும்

என் கொழுந்தனார் கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விடுபவர். ஒருநாள் ரேஸ் குதிரை ஒன்றை வாங்கினார். மறு இல்லாத செவலை. ஏழு தலைமுறைக்கு வம்சாவளி உண்டாம். எங்கள் வீட்டில் மாமனாருடைய அப்பா பேரே யாருக்கும் ஞாபகமில்லை.

அதன் சரித்திரத்தையும் பெருமை தாங்காமல் அவரே சொன்னார். பந்தயத்தில் ஒரே ஒரு தடவை ஜெயித்ததாம், அதுவும் முன்னால் ஓடியது தடுக்கி விழுந்ததால். பிறகு பண்ணையில் பொலிக்கு விட்டிருக்கிறார்கள். பிறந்த பிள்ளைகள் அத்தனையும் கடைசியாக ஓடி அப்பன் பேரைக் காப்பாற்றின. ஏரிக்கரைக்கு வந்தும் ஐயாவுக்குப் புத்தி வரவில்லை. போலீஸ்காரர் விசில் ஊதியதும், ஹனிமூனுக்கு வந்த மாப்பிள்ளை ஒருவரைச் சுமந்துகொண்டு பறந்தது. பாவம், அந்தப் பெண் கரையோரம் அழுதுகொண்டே ஓடினாள். அன்றோடு சவாரி நின்றது. குதிரை எங்கள் மேல்மலைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது.

"மதினி, ஒங்க பெட்டைக் குதிரையோட சேத்து விடுவோம். குட்டி ராஜா மாதிரி பொறக்கும்ங்க" என்றார். என் வீட்டுக்காரர் தம்பி பேச்சுக்குத் தலையாட்டினார்.

எங்கள் பூண்டுக் காடு ஜீப் போகாத பள்ளத்தில் கிடக்கிறது. அங்கிருந்து மூட்டையை மேலே ஏற்றுவது அந்தக் கிழட்டுப் பெட்டைதான். அதற்கு இது கடைசி ஈற்று. குட்டையாகப் பிறந்தால் பொதி சுமக்கும். அந்த நெட்டைக்காலனைப் போலப் பிறந்தால் என் தலைதான் சுமக்கணும். ராஜாவா சுமப்பார்?

"நமக்கு மட்டக்குதிரை போதும் தம்பி" என்றேன்.

"குதிரையப் பத்தி மதினிக்கு என்ன தெரியும்?"

ஓஹோ! தெரியாதுதான். பெட்டைக்குப் பருவம் வந்தது மட்டும் தெரிந்தது. வெள்ளனே எழுந்து, பக்கத்துக் காட்டுக்காரரின் வெள்ளைத் திட்டுப் போட்ட மட்டக்குதிரை மேயும் இடத்தில் அதை அவிழ்த்துவிட்டு, இரண்டும் சேர்ந்ததும் ஓட்டி வந்து, ஒன்றும் அறியாதவளாய்ச் சோறாக்கினேன். மத்தியானம் ரேஸ் மாப்பிள்ளைக்குக் கல்யாணம். ஊரே வேடிக்கை பார்த்தது. இரண்டு உதை வாங்கிய பிறகே காரியம் நடந்தது.

அப்புறம் பதினோரு மாசம், நானே சினையாக இருப்பது போலத் தூக்கம் கெட்டேன். இரண்டில் எது முந்தியதோ!

குட்டி விழுந்தது. குட்டைக்கால், பானை வயிறு, முதுகெல்லாம் திட்டுத் திட்டாய் வெள்ளை. கட்டிப்பிடித்து அழுதேன். இந்தப் பந்தயத்திலும் ரேஸ் குதிரை தோற்றிருந்தது.

கொழுந்தனார் அசரவில்லை. "ஒசந்த வம்சம் சின்னதுல இப்படித்தாங்க இருக்கும். போகப்போகக் கால் நீளும்."

நீளவில்லை. முருகா, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அது வளரும்வரை கிழடு பாதியும் நான் பாதியுமாகச் சுமந்தோம். போன அறுவடையில்தான் முதல் பொதி ஏற்றினோம். முன்னால் பக்கத்துக் காட்டுக்காரரின் குதிரை உருளைக்கிழங்கோடு ஏறியது. பின்னால் இது, அச்சு அசல் அதே நடை.

"பாத்தீங்களா மதினி, ரேஸ் ரத்தம்!" என்று மேட்டில் நின்று கத்தினார் கொழுந்தனார்.

சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் தலையோடு கை வீசிப் பின்னால் நடந்தேன்.