குட்டி உலையின் நீராவிக் குழாய்

இந்த ஊரில் இரும்போடு இரும்பு சேர்ந்து நிற்கிற இடங்களைக் கணக்கெடுத்தால் பாதிக்கு மேல், ஊரார் தீப்பொறி என்று கூப்பிடுகிற வெல்டரின் கைபட்டதாக இருக்கும். பேருந்து நிலையத்துக் கூரை, ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டியின் கால்கள், ஆற்றுப் பாலத்துக் கைப்பிடி எல்லாம் அவர் பற்றவைத்தவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர். யாரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. சொந்தமாகப் பட்டறை வைத்தார், வீடு கட்டினார், மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பினார், இன்ஜினியருக்குப் படித்த பெண்ணையே மருமகளாகக் கொண்டுவந்தார். இதையெல்லாம் அவரே நாலு பேரிடம் சொல்வார். சொன்னால் என்ன? செய்தவன்தானே சொல்ல முடியும்!

ஊர் மின்கம்பியின் வால் நுனியில் இருந்தது. எங்கோ தொலைவில் காற்றடித்து ஒரு கம்பம் சாய்ந்தால், இங்கே ஆஸ்பத்திரியில் டீசலுக்கு ஓடுவார்கள். ஐஸ் பேக்டரியில் ஐஸ் தண்ணீராகித் தெருவில் ஓடும். மேலிடத்தைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய், கடைசியில் ஊரே கூடி முடிவெடுத்து, தனக்கென்று ஒரு சின்ன அணு உலையை வரவழைத்தது.

அணு உலை என்றதும் மலை போலக் கோபுரம் எதுவும் நினைக்க வேண்டாம். தொழிற்சாலையிலேயே முழுசாகச் செய்து மூடி, நீளமான லாரியில் ஏற்றி வந்து, தரைக்குக் கீழே கான்கிரீட் குழியில் இறக்கினார்கள். பார்வைக்கு ராட்சதப் பால் கேன் மாதிரி இருந்தது. ஊரார் வாயில் அது குட்டி உலையாகி, பிறகு வெறும் குட்டியாகிவிட்டது. “குட்டி எப்பங்க கண்ணு முழிக்கும்?” என்று காய்கறிக்காரி வரைக்கும் தீப்பொறியைத்தான் கேட்டாள். ஏனென்றால் குட்டியின் நீராவியை டர்பைனுக்குக் கொண்டுபோகும் குழாயை இணைக்கிறவர் அவர். அதற்கான தேர்வில் பாதிப் பேர் தோற்றார்கள், இவர் முதல் தடவையிலேயே தேறினார். இந்த வேலையோடு கையுறையைக் கழற்றிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். கடைசியாக வைக்கிற ஜாயிண்ட்டில் ஊருக்கே வெளிச்சம் வரவேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

மருமகளும் அங்கேதான் வேலை. ஜாயிண்ட்டுகளைச் சோதிக்கிற அதிகாரி. சொந்தக்காரர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், மாமனாருடையதை அவள் பார்த்த பிறகு வெளியூர் ஆய்வாளர் ஒருவரும் மறுபடி பார்ப்பார். வீட்டில் “மருமகளே” என்று கூப்பிடுகிறவர், வேலையிடத்தில் “ஆபீசரம்மா” என்பார். பாதி மரியாதை, பாதிக் கேலி. அவளும் அங்கே அவரை மாமா என்று கூப்பிடுவதில்லை.

குழாயின் பெரிய வளைவில் வைத்த ஜாயிண்ட்டின் எக்ஸ்ரே படம் வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“என்ன மருமகளே, படம் எப்படி? பளிங்கு மாதிரி இல்ல?”

“ஆமா மாமா. வெளியூர்க்காரரே ரெண்டு தரம் பாத்துட்டு, யாரு வச்சதுன்னு கேட்டாரு.”

“கேப்பான், கேப்பான்!” மனைவி பக்கம் திரும்பினார். “காதுல விழுந்துச்சா?”

“அடுத்த தெருவுக்கே விழுந்திருக்கும். சாப்பிடுங்க.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பாராட்டு கொஞ்சம் உள்ளே போனால் தீப்பொறிக்கு நாக்கு நீளும்.

“இன்னொண்ணு சொல்றேன் கேளு. முதல் அடுக்கு வைக்கும்போதே ஊசித் துளை ஒண்ணு விழுந்துச்சு. வேற எவனாயிருந்தாலும் வேர்த்து விறுவிறுத்துப் போயிருப்பான். நான் கிரைண்டரை எடுத்தேன், அந்த இடத்தை மட்டும் தோண்டினேன், திரும்ப வச்சு மூடிட்டேன். எங்க இருந்துச்சுன்னு இப்ப எனக்கே தெரியாது. எப்படி?”

மருமகளின் கை தட்டிலேயே நின்றது.

“யார்கிட்ட மாமா சொன்னீங்க?”

“எதுக்குச் சொல்லணும்? அதான் சரியாயிடுச்சே!”

அவர் பட்டறை நடத்திய விதமே அதுதான். வேலை கொடுத்தவன் காதில் குறையைப் போடக்கூடாது. ராவோ பகலோ கண் முழித்துச் சரிசெய்து, குறையே இல்லாத பொருளாக அவன் கையில் கொடுக்கவேண்டும். அந்தக் கௌரவத்தில்தான் வீடும் வாசலும் வந்தன. குட்டியின் இடத்திலோ எல்லாம் தலைகீழ். துளை விழலாம், அது குற்றமில்லை. விழுந்ததும் பற்றவைக்கிற டார்ச்சை விலக்கிவிட்டு, அதிகாரியைக் கூப்பிடக் கையைத் தூக்கவேண்டும். பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். அதெல்லாம் புதுசாக வந்தவனுக்கு என்று தீப்பொறி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு தரம் சூடு வாங்கின இரும்பு உள்ளுக்குள்ள எப்படி மாறியிருக்குன்னு படத்துல தெரியாது மாமா. காலத்துக்கும் கொதிக்கிற ஆவி போகப்போற குழாய். நாம யாரும் இல்லாத காலத்துல ஒருத்தன் பாக்க வருவான். இந்த இடத்துல திரும்பக் கை வச்சிருக்காங்கன்னு அவனுக்கு யாரு சொல்லுவா?”

“அதனால?”

“அறுக்கணும்.”

“என் ஜாயிண்ட்டையா!”

“ஏங்க கத்துறீங்க?” என்றாள் மனைவி. “உங்க கழுத்தையா அறுக்கணும்னு சொன்னா?”

“ரெண்டும் ஒண்ணுதாண்டி எனக்கு!”

மருமகள் குரலை உயர்த்தவில்லை. “காலையில நான் ஆபீஸ்ல சொல்லியாகணும் மாமா. நான் சொல்லி அவங்களுக்குத் தெரிஞ்சா, உங்களை கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. நீங்களே முந்திப் போய்ச் சொன்னா திரும்ப வைக்க விடுவாங்க. எனக்கு நீங்கதான் அந்தக் குழாயை முடிக்கணும்.”

“வீட்டுக்குள்ளயே போலீஸ்!” என்று அவர் கை கழுவ எழுந்தார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. மனைவி அதை மூடிவைத்துவிட்டு, “பசிச்சா வருவாரு. நீ சாப்பிடும்மா” என்றாள். கொஞ்ச நேரத்தில் வரவும் செய்தார்.

காலையில் எப்போதும் போல மருமகள் ஸ்கூட்டரை எடுத்தாள். எப்போதும் போல அவர் பின்னால் உட்கார்ந்தார். மற்ற நாள்களில் வளைவுக்கு வளைவு “பாத்து, பாத்து” என்று உயிரை எடுப்பவர், அன்று ஒரு லாரி உரசுகிற மாதிரி போனபோதும் வாயைத் திறக்கவில்லை. கேட்டில் இறங்கியதும் அவளைத் திரும்பிப் பார்க்காமல் நேராக சைட் இன்ஜினியர் அறைக்குள் போனார்.

“சார், வளைவு ஜாயிண்ட்டுல ஒரு துளை விழுந்துச்சு. நானே தோண்டி மூடிட்டேன். உலகத்துல எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் தப்பாம். வந்து சொல்லிட்டேன்.”

இன்ஜினியர் பேனாவை மூடி வைத்தார். “தப்பை ஒத்துக்க வந்தீங்களா, பெருமை அடிக்க வந்தீங்களா மேஸ்திரி?”

“ரெண்டுக்கும்தான்னு வச்சுக்குங்க.”

ஜாயிண்ட்டை அறுத்தார்கள். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று அறுக்கிற மிஷினைத் தீப்பொறியே பிடித்தார். அறுத்த வளையத்தைத் துண்டு போட்டு, மெருகேற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். துளி குறையில்லை. ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு அவர் மருமகளிடம் போனார்.

“பாருங்க ஆபீசரம்மா. நல்லாப் பாருங்க.”

அவள் ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதைவிட நல்லா யாராலயும் வைக்க முடியாது. ஆனா இது அறுத்ததுக்கு அப்புறம்தானே தெரியுது? எல்லாக் குழாயையும் அறுத்தா பாக்கமுடியும்?”

அவர் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த வழியே போனார்.

டார்ச் உடனே கைக்கு வரவில்லை. பயிற்சிக் கூடத்தில், மகன் வயதுகூட இல்லாதவர்களோடு வரிசையில் நின்று, துண்டுக் குழாயில் மறுபடி ஜாயிண்ட் வைத்துத் தேறிக் காட்டவேண்டியிருந்தது. “பெரியவரே, பயமா இருக்கா?” என்று ஒருவன் சீண்டினான். “எனக்கில்ல தம்பி, உன் ஜாயிண்ட்டைப் பாத்தா குட்டிக்குத்தான் பயமா இருக்கும்” என்றார். தேறினார். பழையபடி வளைவுக்கு வந்தார்.

புதுக் குழாய்த் துண்டு பளபளவென்று பொருத்தப்பட்டிருந்தது. முகக்கவசத்தை இறக்கினார். முதல் அடுக்கு வெண்ணெய் தடவுவது போல ஓடியது. சுற்றி வந்து முக்கால் பங்கு முடிகிற இடத்தில், கவசக் கண்ணாடி வழியே பார்க்க, உருகிய இரும்புக் குழம்பு ஒரு கணம் சிணுங்கியது. அவ்வளவே. வேறொருவனாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டான். மருமகள் எதிர்ப்பக்கம் வேறு வேலையில் இருந்தாள். கிரைண்டர் காலடியில் கிடந்தது. தோண்டி மூடச் சொடக்குப் போடும் நேரம் போதும்.

தீப்பொறி டார்ச்சை விலக்கினார். கவசத்தை மேலே தள்ளினார். நாலு பேர் பார்க்கக் கையைத் தூக்கினார். மருமகள் வரும்வரை இறக்கவில்லை.

மருமகள் விளக்கோடு வந்து குனிந்தாள். “எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே மாமா.” வேலையிடத்தில் மாமா என்றதை அவள் கவனிக்கவில்லை.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர், கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “இந்தத் துளையைக் கண்டுபிடிக்கிற கண்ணு இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் இருக்கு. எழுதிக்க.”