ஊசிக்காது வீடு மாறியது

பெருவிரல் அழுத்தியது, வரிகள் மேல் நீலம் படர்ந்தது, நகலெடுத்ததைப் புது வீட்டில் இறக்கியது. ஊசி குத்திக் காய்த்த விரல். கண்ணாடித் திரை சில சமயம் அதை விரலென்றே ஒப்புக்கொள்ளாது. அப்போது சுண்டுவிரல் உதவிக்கு வரும். சலவைக்கடையின் மூலையில், தையல் மெஷின் பலகை மேல் போனைச் சாய்த்து வைத்து, ஒரு பேன்ட்டின் கால் மடிப்பை முடிப்பதற்கும் அடுத்ததை எடுப்பதற்கும் நடுவில் அந்த வேலை நடந்தது.

‘ஊசிக்காது’, தைத்துப் பிழைப்பவர்கள் கூடிப் பேசும் இணையதளம். நூல் ஏன் அறுகிறது, கோட்டுக் காலர் ஏன் படியமாட்டேன் என்கிறது என்று ஒருவர் கேட்பார். நாலு பேர் சொல்வார்கள். யாரும் தன் பேரை எழுதுவதில்லை. பதிவின் தலையில் பட்டப்பேர் தானாக நிற்கும். அந்த விரலுக்குச் சொந்தக்காரி அங்கே ‘பாபின்’, மெஷினின் அடிநூல் சுற்றும் சின்ன உருளையின் பேர். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துத் தைப்பவளுக்குச் சொந்தபந்தம் என்று வாய்த்தது அந்த இடம்தான்.

தளத்தை மூடப்போவதாக நடத்தியவர்கள் அறிவித்ததும், எல்லோரும் ஒரு புது ஆப்புக்குத் தாவினார்கள். பழைய பதிவுகளை யார் தூக்கி வருவது என்ற பேச்சு எழுந்தபோது மட்டும் அவரவருக்குத் தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. இவள் தூக்கினாள். புதுக் குழுவின் பொறுப்பும் அதோடு இவள் தலையில் வந்தது.

பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் கேலி செய்தார். “பஸ் மாறி ஏறுறவன் அவன் மூட்டைய அவன்தான் தூக்குவான். உனக்கு ஏம்மா கூலியில்லாத போர்ட்டர் உத்தியோகம்?”

சிரித்துக்கொண்டே முடித்துவிட்டாள். மறுநாள் பழைய தளம் திறக்கவில்லை.

புது வீட்டில் முதலில் வாய் திறந்தவர் ‘கத்தரி’. கோட்டு வெட்டுவதில் கெட்டிக்காரர், அவளை எப்போதும் தங்கச்சி என்றே கூப்பிடுகிறவர்.

“ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம். இப்பதான் பாக்குறேன். செத்துப்போன அக்கா எழுதினதைக்கூட விட்டுவைக்கலையே.”

கிழிசலை இழை தெரியாமல் அடைக்க எல்லோருக்கும் சொல்லித்தந்து, போன வருடம் கண்ணை மூடிய ஒருத்தியைத்தான் அப்படிச் சொன்னார்.

மேலே உருட்டிப் பார்த்தாள். கத்தரியின் காலர், அக்காவின் கிழிசல், எல்லாவற்றின் தலையிலும் பாபின், பாபின் என்றே நின்றது. பேர் தானாக வரும் என்ற பழக்கத்தில் வரிகளை மட்டும் எடுத்திருந்தாள். இங்கேயும் தானாகத்தான் வந்தது. கொண்டுவந்து ஒட்டியவளின் பேர்.

தெரியாமல் நடந்தது என்று எழுதினாள். ஒருவர் சிரிக்கும் பொம்மையைப் போட்டார். இன்னொருவர், பழையதைக் காட்டுங்களேன் என்றார். காட்டுவதற்குப் பழையது ஏது? திருடி என்று யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மறுக்கவாவது செய்திருக்கலாம்.

மறுபடி பெருவிரல் வேலைக்கு இறங்கியது. இப்போது ஒவ்வொரு பதிவாகத் திறந்து, பேச்சை வைத்து ஆளைப் பிடித்தாள். ‘அதாவது’ என்று தொடங்கினால் கத்தரி. ‘அவசரப்படாதே’ என்று முடிந்தால் அக்கா. இது இன்னார் சொன்னது என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதினாள். தைக்காத பேன்ட்டுகள் குவிந்தன. சலவைக்கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்காரர் போர்ட்டர் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை. அது இன்னும் வலித்தது.

எல்லாம் உரியவர்களுக்குப் போனபின் அவளுக்கென்று மிஞ்சியவை கேள்விகள். அவள் கேட்கப்போய்த்தான் பாதிப் பதில்கள் பிறந்திருந்தன. கேள்விக்கு யார் பேர் போடுகிறார்கள்? அவற்றை அப்படியே விட்டாள்.

முடிந்தது என்று அறிவித்தாள். சாயங்காலம் கத்தரியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

“இந்த ஆப் சரியில்லைன்னு எல்லாரும் வேற எடத்துக்குப் போறாங்க. நீதான் பழகின கை. இதையும் தூக்கிட்டு வந்துடேன், தங்கச்சி.”

மேடம் மறுபடி தங்கச்சியாகியிருந்தாள். பிறகு எழுதினாள்.

“இந்த வாட்டி நீங்க தூக்குங்கண்ணே. எல்லாம் பேரோட இருக்கு.”

குழுப் பொறுப்பை மாற்றும் இடத்தைத் திறந்து கத்தரியைத் தேர்ந்தெடுத்தாள். பெருவிரலைத் திரை ஒப்புக்கொள்ளவில்லை. சுண்டுவிரலால் அழுத்திக் கொடுத்தாள்.