கோபம் போய்ச் சேர வேண்டிய இடம்

எங்கள் ஆபீஸில் போன மாதம் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். நல்ல தலைவர் தன் உணர்ச்சியைத் தானே அறிந்தவராக இருக்க வேண்டுமாம். ஏ.சி. அறை, பிஸ்கட், ஆளுக்கொரு மஞ்சள் காகிதம். அன்றைய மனநிலையை அதில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். நான் ‘மகிழ்ச்சி’ என்று எழுதி ஒட்டினேன். சுத்தப் பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாடத்தை நடுத்தெருவில் படித்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

தனலக்ஷ்மி. ஸ்ரீராம்புரத்துக்காரி. எங்கள் வார்டில் தெருக்கூட்டும் வேலை. எந்த வார்டு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கும் அவளைத்தான் பிடிப்பார்கள். பதினெட்டு வருஷம் துடைப்பம் பிடித்தவளை இரண்டு வருஷத்துக்கு முன் பன்னிரண்டு பெண்களுக்கு மேஸ்திரியாக்கினார்கள். அதற்கு முன்னால் மேஸ்திரியாக இருந்த சின்னப்பா வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். பொம்பளை மேஸ்திரியை யார் மதிப்பார்கள் என்று நாலு பேர் சொல்ல, பயந்துபோய் இவளும் அந்தச் சின்னப்பாவின் குரலையே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு வாசலில்தான் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஃபோட்டோ எடுப்பாள். வார்டு அதிகாரி பத்ரிநாத்தின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அது போக வேண்டும். ஃபோட்டோவில் இல்லாதவளுக்கு அன்றைக்கு வேலைக்கு வந்ததற்கான ஹாஜரி இல்லை, விடியலிலிருந்து கூட்டியிருந்தாலும் இல்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான சோனியா மூன்று நாள் தொடர்ந்து ஃபோட்டோவில் இல்லை. வேலையை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. மூன்று நாள் ஆப்சென்ட் விழுந்தால் பட்டியலில் பெயர் வராது. நாலாம் நாள் காலையில் பத்ரிநாத் ஃபோனில், “நாலு பொம்பளைங்கள மேய்க்கத் தெரியல, நீயெல்லாம் மேஸ்திரியா?” என்று கத்தியிருக்கிறார். தனலக்ஷ்மி நேராக வந்து சோனியாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒம்போது மணியானா எங்கடி ஓடிப்போற? எந்த வாசல்ல கதை அளந்துகினு நிக்கிற?”

“சர்ச்சுக்குக்கா.”

“சாமி கும்பிடற நேரமாடி இது?”

சோனியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் போனது சாமி கும்பிட அல்ல. இரண்டு தெரு தள்ளி, சர்ச் வாட்ச்மேன் சிரில் மட்டும்தான் அவளுக்குக் கக்கூஸைத் திறந்துவிடுவார். வார்டு ஆபீஸில் ஒன்று இருக்கிறது, அதற்குப் பூட்டு. வீடுகளா? எங்கள் வீட்டையே சொல்கிறேன். ஒரு நாள் வந்து கேட்டாள். தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தியது நான்தான். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

அன்று திட்டுக்குப் பயந்து சோனியா வரிசையில் நின்றாள். ஐந்து மாத வயிறு. ஃபோட்டோ எடுத்து முடிப்பதற்குள் சேலை நனைந்து, காலடியில் ஈரம் பரவியது.

தனலக்ஷ்மிக்கு இது தெரியாதா? பதினெட்டு வருஷம் காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தவள். இரண்டு வருஷ மேஸ்திரி வேலையில் மறந்து தொலைத்திருந்தாள். தன் பச்சைக் கோட்டைக் கழற்றிச் சோனியாவின் இடுப்பில் கட்டினாள்.

“எனக்கு உம்மேல கோவமே இல்லடி. அந்தாளு ஃபோன்ல கத்தனான். அவனாண்ட வாய் தொறக்க பயம் எனக்கு. அந்தக் கோவத்த கொண்டாந்து உந்தலைல கொட்டிட்டேன். தப்பு என்னுது.”

எல்லார் முன்னாலும் திட்டியதால் எல்லார் காதிலும் விழும்படியே இதையும் சொன்னாள். எடுத்த ஃபோட்டோவை அழித்தாள். பதிமூன்று பேரும் வார்டு ஆபீஸுக்கு நடந்தார்கள். வெட்கம் தாங்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

பூட்டிய கக்கூஸ் கதவுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, பூட்டும் தெரியும்படி ஒரு ஃபோட்டோ எடுத்து அதே குரூப்புக்கு அனுப்பினாள் தனலக்ஷ்மி. அந்த குரூப்பில் பத்ரிநாத்தின் மேலதிகாரிகளும் இருந்தார்கள். மனிதர் படியில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“இது என்ன தமாஷா?”

“ஹாஜரி சார். எண்ணிக்குங்க.”

சின்னப்பாவின் குரல் போயே போய்விட்டது. சத்தமில்லாத குரல், ஆனால் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. சாவி வந்தது. முதலில் சோனியா உள்ளே போனாள். தனலக்ஷ்மி நகரவில்லை.

“அந்த மூணு நாளும் இவ வேலைல இருந்தா. ஆப்சென்ட் போட்டது நானு. தப்பா போட்டேன்னு எழுதுங்க, கையெழுத்து போடறேன்.”

பத்ரிநாத்துக்கு அதுதானே வேண்டும், பழி அவர் தலையில் விழாது. சந்தோஷமாக எழுதிக்கொண்டார். சோனியாவின் பெயர் பட்டியலில் ஏறியது. அடுத்த வாரம், ஹாஜரியைத் தப்பாகப் போட்டதற்காகத் தனலக்ஷ்மியின் மேஸ்திரி வேலை பறிபோனது, மறுபடியும் துடைப்பம்தான். பத்ரிநாத் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

திங்கட்கிழமை காலை புது மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்று, யார் யார் எந்தத் தெரு என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். வாசித்து முடிக்கும் வரை பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு பன்னிரண்டு பேரும், வரிசையின் கடைசியில் துடைப்பத்தோடு நின்றவள் பக்கம் திரும்பினார்கள்.

“எங்க ஆரம்பிக்கலாங்க்கா?” என்று கேட்டாள் சோனியா.