கண்டி டவுன் இல்லை, மடுல்கெல்ல

இனி எங்கேயும் ஊரை மறைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கார ஆன்ட்டி எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான்.

அந்த வீட்டில் அறை எடுத்து, கொழும்பில் வேலைக்குப் போகும் என் தோழி சுகந்தியைப் பார்க்கப் போயிருந்தேன். நாங்கள் இருவரும் மலையகத்தில், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள்.

"பிள்ளையும் கண்டி டவுனோ?" என்று ஆன்ட்டி கேட்டார்.

சுகந்தி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். கண்டி டவுன் என்று சொல்லித்தான் அறை எடுத்திருந்தாள்; தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் அறை போய்விடும் என்ற பயம் அவளுக்கு.

"இல்ல ஆன்ட்டி, மடுல்கெல்ல. தோட்டத்து லயம். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு."

ஆன்ட்டி சுகந்தியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன் டவுன் எண்டு சொன்னனீர்?"

"தோட்டம்னு சொல்லியிருந்தா அறை தந்திருப்பீங்களா?" என்று நான் முந்திக்கொண்டேன்.

ஆன்ட்டி சற்று யோசித்தார். "தந்திருக்க மாட்டன்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, பதில் பிடிக்கவில்லை. சுகந்தியைப் போகச் சொல்லவும் இல்லை அவர்.

அறைக்கு வந்ததும் சுகந்தி வெடித்தாள். "உனக்கென்னடி, நாளைக்கு பஸ் ஏறிருவ. நான்ல இங்க இருக்கணும்!"

நியாயம்தான். ஆனாலும் பயந்து பயந்து இருக்கும் அறையில் என்ன உறக்கம் வரும்?

தோட்டத் திருவிழாவுக்கு ஆன்ட்டியை எங்கள் லயத்துக்கே அழைக்கப்போகிறேன். கூட்டிவர வேண்டியவள் சுகந்தி. முதலில் அவளைச் சம்மதிக்கவைக்க வேண்டும்.